பொட்டு வைக்க ஓர் இடம்

"இந்த வட்டம் எதுக்கு?"

மிஸ்டர் நாதன் எங்கள் கம்ப்யூட்டர் டிஸ்கெட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டலின் மீட்டிங் அறை அது. பற்கள் கிட்டிப் போகிற குளிர். மேசை மேல் யாரும் தொடாத பிஸ்கட் தட்டு. என் பக்கத்தில் என் கூட்டாளி சியூ லான். எதிரில் மிஸ்டர் நாதன். தாத்தா காலத்திலேயே அம்பாங் தெருவில் கடை வைத்திருந்த குடும்பம். இவர் லண்டனில் படித்துவிட்டு வந்து, எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகளைத் தேடிப் பிடித்து முதல் போட்டு வளர்க்கிற தொழிலில் இருந்தார். அவர் முதல் போட்டால் நாங்கள் சிங்கப்பூரிலும் ஜகார்த்தாவிலும் ஆபீஸ் திறக்கலாம். போடாவிட்டால் பிரிக்ஃபீல்ட்ஸ் மாடி ஆபீஸிலேயே குந்தியிருக்கலாம்.

அவர் காட்டிய வட்டம் டிஸ்கெட்டின் லேபிளில், வலது மூலையில் இருந்தது. பத்துக் காசு அளவு. சிவப்புக் கோடு, உள்ளே வெறும் வெள்ளை.

"பொட்டு வைக்க," என்றேன்.

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இல்ல மல்லிகா, சீரியஸா கேக்கறேன்."

"சீரியஸாதான் சொல்றேன்."

"ஓகே. வெளிநாட்டு கஸ்டமர் இதப் பார்த்தா என்ன நெனைப்பான்? மொதல்ல இத அழிச்சிடுங்க. மத்தத அப்புறம் பேசுவோம்."

அழிச்சிடுங்க. அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குக் குளிர் விட்டுப்போனது. அதை நான் முதல் தடவையாகக் கேட்கவில்லை.

கண்ணாடிக் கதவு

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் சுங்கை வே நாட்கள் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் நன்றாகப் படித்தவள். மேற்படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று இங்கே எழுதினால் ஆசிரியர் அதை வெட்டிவிடுவார், அதனால் விடுகிறேன். சுங்கை வேயில் எலெக்ட்ரானிக் ஃபேக்டரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லுகளில் ஒட்டுகிற வேலை.

அந்த அறைக்குள் தூசி போகக் கூடாது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒரு மேசை, அதன் மேல் ஈரக் காகிதம். பவுடர், மல்லிகைப்பூ, பொட்டு, திருநீறு எல்லாவற்றையும் அங்கேயே களைந்துவிட வேண்டும். சூப்பர்வைசர் நம்ம ஆள்தான், ஈப்போக்காரி. தினமும் காலையில் அவள் வாயில் வருகிற முதல் வார்த்தை, "அழிச்சிட்டு உள்ள போ."

காரணம் நியாயமானது. ஒரு துளிக் குங்குமம் ஒரு தட்டுச் சில்லையே கெடுத்துவிடும். புரியாத விஷயமில்லை. ஆனால் வீட்டில் அம்மா வைத்துவிட்ட பொட்டை ஒவ்வொரு நாளும் என் கையாலேயே துடைத்து, அந்தச் சிவந்த காகிதத்தைக் குப்பையில் போடும்போது எனக்குக் கோபம்தான் வரும். யார் மேல் கோபம் என்று அப்போது தெரியவில்லை. பொட்டு வைத்த பெண்களை நம்பி ஃபேக்டரி கட்டியவன், அவர்களுக்குப் பொட்டு இருக்கும் என்று ஏன் யோசிக்கவில்லை? அவ்வளவுதான் என் கேள்வி.

கூட வேலை செய்த சியூ லானிடம் சொன்னேன். அவள் செந்தூலில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவள். தமிழ் தாராளமாகப் பேசுவாள், கொஞ்சம் கரடுமுரடாக. "ஒனக்குப் பொட்டு, எனக்கு லிப்ஸ்டிக். ரெண்டும் குப்பையில," என்றாள். எங்கள் சிநேகிதம் அந்தக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் ஆரம்பித்தது.

இருவரும் மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டோம். அப்புறம் ஒரே நாளில் வேலையை விட்டோம்.

பூக்கடைக்கு மேலே

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே மாடி பிடித்தோம். முன்னறை ஆபீஸ். பின்னறையில் நானும் அம்மாவும் குடியிருந்தோம். அப்பா ரயில்வேயில் இருந்தவர். அவர் போனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. ஆக, கம்பெனி மூடினால் வீடும் போகும். அம்மாவுக்கு இது தெரியும், ஆனால் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் விற்பது என்றால் கோட்டு போட்ட ஆண்பிள்ளைகள் கார் வைத்துக்கொண்டு செய்கிற காரியம். நாங்கள் சியூ லானின் ஹோண்டா கப் மோட்டார் சைக்கிளில் போய் இறங்குவோம். "பாஸ் வரலையா?" என்று கேட்பார்கள். "வந்துட்டாங்க, ரெண்டு பேரும்," என்பாள் சியூ லான். பாதிப் பேர் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தேத்தண்ணி நன்றாகத்தான் இருக்கும்.

எங்களை முதலில் உட்கார வைத்துப் பேசியவர் பண்டமாரான் பெருமாள் அண்ணன்.

பண்டமாரானில் கொடுத்த வாக்கு

அவருக்கு லோரி கம்பெனி. பக்கத்துக் கிளாங் துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னர்களை வெளியே எடுத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில். ஒவ்வொரு கண்டெய்னருக்கும் ஒரு கத்தைத் தாள் டைப் அடிக்க வேண்டும். ஒரு கப்பலுக்கு உண்டான தாள்களை அடித்து முடிக்க ஒரு பகல் முழுக்கப் போய்விடும். நாங்கள் எழுதிய புரோகிராமில் விவரத்தை ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதும், அத்தனை தாளையும் மெஷினே அச்சடித்துத் தள்ளிவிடும்.

பெருமாள் அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. மெஷினைச் சில வாரம் வைத்துப் பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்றார். நம்பியது அவர் மனைவி லெட்சுமி அக்கா. அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது.

ஆயுத பூஜை அன்று அந்த முற்றத்தில் லோரி, ஸ்பேனர், டைப்ரைட்டர் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் வைத்துவிடுவார்கள். மறுநாள் மறுபூஜை முடியும்வரை எதையும் தொடக் கூடாது. ஆனால் கப்பலுக்கு நம் பூஜை தெரியுமா? ஒவ்வொரு வருஷமும் கிளார்க் ஒரு டைப்ரைட்டரை மட்டும் பின்கட்டுக்கு எடுத்துப் போய், பொட்டோடு அதைத் தட்டிக்கொண்டிருப்பார். அக்காவுக்கு அந்தச் சத்தம் கேட்டாலே சோறு இறங்காது.

"இந்த வருஷம் அது வேணாம்கா," என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். "பூஜைக்கு முந்தின நாளே எல்லாம் மெஷின்ல ஏத்திடலாம். மறுபூஜை முடிஞ்சதும் ஒரு பட்டன் அமுக்கினா போதும். மத்தியானத்துக்குள்ள துறைமுகத்துல பேப்பர் கொடுத்துடலாம்."

"அப்ப பூஜைக்கு ஒருத்தரும் வேலை செய்ய வேணாமா?"

"வேணாம்கா."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பெருமாள் அண்ணன், "சரி, அன்னிக்குப் பேப்பர் வந்தா மெஷின் இங்க இருக்கும். வரலன்னா நீயே தூக்கிட்டுப் போயிடும்மா," என்றார்.

பூஜைக்கு முந்தின நாள் எல்லா விவரத்தையும் மெஷினில் ஏற்றி டிஸ்கெட்டுகளில் பதிந்து வைத்தோம். வழக்கம்போல ஒரு நகல் செட்டை எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டு, பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டு வந்தேன். டிஸ்கெட் மேல் தேத்தண்ணி ஊற்றக் கூடாது, மடிக்கக் கூடாது, காந்தம் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று பண்டமாரானில் எல்லோருக்கும் பாடம் எடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். என் பாடத்தில் பூஜை வரவில்லை.

நெற்றி

மறுபூஜை காலை. முற்றத்தில் லோரிகள் மாலையோடு நின்றன. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் நசுங்கக் காத்திருந்தன. அக்கா கற்பூரம் காட்டி முடித்தார். கம்ப்யூட்டருக்கு மூன்று பட்டைத் திருநீறும் அதற்கு நடுவில் அழகான சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள். பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

டிஸ்கெட்டைப் போட்டேன். மெஷின் முனகியது. இன்னொரு தரம் முனகியது. அப்புறம் திரையில் படிக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது.

வெளியே எடுத்துப் பார்த்தேன்.

அப்போதைய டிஸ்கெட் இப்போதுபோல் கெட்டியானது இல்லை. தோசை மாதிரி வளையும். சதுரக் கறுப்பு உறை, நடுவில் ஒரு ஓட்டை, அதற்குக் கீழே நீள்வட்டமாக ஒரு சின்ன ஜன்னல். உறைக்குள் இருக்கும் பழுப்புத் தகடு அந்த இடத்தில் மட்டும்தான் வெளியே தெரியும். மெஷின் படிப்பதும் அங்கேதான். அக்கா ஒவ்வொரு டிஸ்கெட்டிலும் சரியாக அந்த ஜன்னலுக்குள், விரலால் அழுத்திக் குங்குமம் வைத்திருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கறுப்பு முகத்தில் நெற்றி மாதிரி இருந்தது அந்த ஒரு இடம்தான்.

பெருமாள் அண்ணன் பின்னாலேயே நின்றார். "என்னாச்சு?"

"டிஸ்க் படிக்கல அண்ணே."

"ஏன்?"

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. வலது கை விரல் நுனியில் இன்னும் சிவப்பு இருந்தது, அதை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் துடைப்பு எனக்குத் தெரிந்த துடைப்பு. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் எத்தனை காலை நான் துடைத்திருக்கிறேன்.

"பொட்ட அழிச்சிடுங்கக்கா" என்று ஒரு வார்த்தை என் தொண்டைவரை வந்தது உண்மை. வந்த வார்த்தையை விழுங்கினேன். அந்த ஈப்போக்காரியின் வேலையைப் பார்க்கவா நான் கம்பெனி ஆரம்பித்தேன்?

"மெஷின்ல கோளாறு அண்ணே. நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

அவர் விடவில்லை. டிஸ்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "லோரிக்குந்தான் பொட்டு வைக்கிறோம், எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அது பாட்டுக்கு ஓடுது. ஒன் பெட்டிக்கு ஒரு பொட்டு தாங்கலையா?"

அது சரியான கேள்வி என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

சாமி கொடுத்தாலும்

அங்கிருந்த போனில் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அழைத்தேன். நகல் டின்னை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பு என்று சியூ லானிடம் சொன்னேன். ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தாள்.

"அம்மா விட மாட்டேங்கிறாங்க லா. டின்ன சாமி முன்னால வச்சிருக்காங்க. கைய வச்சேன், தட்டி விட்டுட்டாங்க. மறுபூஜைக்கு நல்ல நேரம் மத்தியானத்துக்கு மேலதானாம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் வீட்டில் பூசாரி அம்மா.

"அவங்க கிட்ட குடு."

அம்மா வந்தார். "மல்லி, மறுபூஜை பண்ணாம சாமிகிட்ட வச்சத எடுத்தா படிப்பு வராதுடி."

முற்றமே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. டிரைவர்கள், கிளார்க், பெருமாள் அண்ணன் எல்லோரும். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"படிச்சேன்மா. ஒழுங்காப் படிச்சேன். சீட்டு கெடைக்கல. வருஷக்கணக்கா சரஸ்வதிக்குப் பூவும் பொட்டும் வச்சீங்க. ஃபேக்டரியில என்னை ஒரு பொட்டு வச்சிக்கிட்டு வேலை செய்ய விட்டாங்களா? இன்னிக்கு ஒரு நாள் அந்த சரஸ்வதி எனக்காக வேலை செய்யட்டும். டின்ன குடுங்க."

அம்மாவிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. ஆனால் வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, இன்றுவரை.

லெட்சுமி அக்கா வந்து ரிசீவரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அம்மா, நான் பண்டமாரான்லேருந்து பேசறேன், லோரி கம்பெனி வீட்டு லெட்சுமி. பொட்டு வச்சுக் கெடுத்தது நான்தாம்மா. ஒங்க மக என்னைக் காட்டிக் குடுக்கல. நீங்க இப்பவே கற்பூரத்தைக் காட்டிடுங்க. நேரம் காலம் பார்க்காம காட்டின பாவம் எதுவா இருந்தாலும் அது எனக்கு வரட்டும்."

பெருமாள் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா ரிசீவரை என் காதில் வைத்தார். தூரத்தில், எங்கள் பின்னறையில், அம்மா மணி அடிக்கிற சத்தம் கேட்டது. அவசர அவசரமாக, ஆனால் முழுசாக அடித்தார்.

ஃபெடரல் சாலை மழை

அடுத்த ஒரு மணி நேரத்தில், சியூ லான் மோட்டார் சைக்கிளில் ஃபெடரல் சாலையில் வந்துகொண்டிருக்கும்போதே, வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. கிளாங் பக்கத்து மழையைத் தெரிந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நான் பக்கத்துக் கிளினிக்கில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வந்து, மெஷினுக்குள் ஒட்டியிருந்த குங்குமத்தைத் துடைத்தேன். பெருமாள் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டும் பார்க்காதது மாதிரியும் உட்கார்ந்திருந்தார்.

"வருவாளா?" என்றார்.

"வருவா அண்ணே."

வந்தாள். மழைக்கோட்டுக்குள் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, டின்னைக் குழந்தை மாதிரி நெஞ்சில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். அவள் முழுக்க நனைந்திருந்தாள், டின் மட்டும் நனையவில்லை. மூடியின் நடுவில் அம்மா வைத்த பொட்டு சிதையாமல் இருந்தது. திறந்தபோது கற்பூர வாசனை வந்தது. உள்ளே டிஸ்கெட்டுகள் சுத்தமாக இருந்தன.

அம்மாவும் பொட்டு வைத்திருக்கிறார், அக்காவும் பொட்டு வைத்திருக்கிறார். அம்மாவுக்கு வைக்க ஒரு மூடி இருந்தது. அக்காவுக்கு அந்த ஜன்னலை விட்டால் வேறு இடமில்லை. எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது.

டிஸ்கெட்டைப் போட்டேன். பிரிண்டர் கறகறவென்று கத்த ஆரம்பித்தது. அதைவிட இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை. தாள்கள் மடிந்து மடிந்து கீழே விழுந்தன. கிளார்க் அவற்றைக் கிழித்து அடுக்கினார். லோரிகள் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு மழையில் கிளம்பின. மத்தியானத்துக்கு முன்பே துறைமுகத்தில் பேப்பர் கொடுத்தாயிற்று.

பெருமாள் அண்ணன் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். "சரி, இது இங்கேயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு, இனிமே இதுக்குப் பொட்டு வைக்கக் கூடாதுன்னு இவகிட்ட நீயே சொல்லிடும்மா."

"சொல்ல மாட்டேண்ணே."

"பின்ன?"

மேசை மேல் கிடந்த சிவப்பு மார்க்கரை எடுத்தேன். ஒரு டிஸ்கெட்டின் லேபிள் மூலையில், ஜன்னலுக்கு எட்டாத தூரத்தில், ஒரு வட்டம் போட்டேன்.

"அக்கா, இங்க வைங்க."

அக்கா வட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்து, அப்போதே, என் கண் முன்னாலேயே வைத்தார். மிச்சமிருந்ததை என் நெற்றியில் வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. வேலைக்கு நடுவில், வேலை செய்கிற இடத்தில், ஒருவர் எனக்குப் பொட்டு வைத்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து எங்கள் கம்பெனியை விட்டு வெளியே போன ஒவ்வொரு டிஸ்கெட்டிலும் அந்த வட்டம் இருந்தது. கோட்டு போட்ட கம்ப்யூட்டர் வியாபாரிகள் கேலி செய்தார்கள். செய்யட்டும். அவர்கள் மெஷின்களுக்கு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மறுநாள் கோளாறு வந்தது, எங்களுடையதுக்கு வரவில்லை. பண்டமாரானிலிருந்து கிளாங், கிளாங்கிலிருந்து ஷா ஆலம் என்று லோரி முதலாளிகள் ஒருவரிடம் ஒருவர் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம்.

மறுபடியும் குளிர் அறை

இதையெல்லாம் மிஸ்டர் நாதனிடம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"பியூட்டிஃபுல் ஸ்டோரி. ஆனா இப்ப டிஸ்கெட் கெட்டியான பிளாஸ்டிக். ஜன்னலுக்கு இரும்பு மூடி போட்டாச்சு. பொட்டு எங்க வச்சாலும் ஒண்ணும் ஆகாது. இன்னும் வட்டம் எதுக்கு? ஒரு வட்டம்தானே, எடுத்துடலாமே."

"ஒரு வட்டம்தானே. இருந்துட்டுப் போகட்டுமே."

அவருக்கு அது பிடிக்கவில்லை. சியூ லான் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. நீங்க பொட்டு வைக்கிறவங்க இல்லையே."

"நான் மழையில நனைஞ்சவ, பாஸ்," என்றாள் சியூ லான்.

அவர் ஃபைலை மூடினார். அந்த ஒரு கோட்டை அழித்தால் சிங்கப்பூர், ஜகார்த்தா. அழிக்காவிட்டால் பூக்கடை மாடி. நான் சியூ லானைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள். தொடாத பிஸ்கட்டில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

கீழே லாபியில் காசு போடுகிற போன் இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்களுக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்து அங்கிளைக் கூப்பிட்டேன்.

"அங்கிள், அடுத்த லேபிள்ல அந்த வட்டத்த மாத்தணும்."

"எடுத்துடவாம்மா?"

"பெரிசாக்கணும். பத்துக் காசு அளவு வேணாம், அம்பது காசு அளவுக்குப் போடுங்க."

"அவ்ளோ பெரிசா போட்டா கம்பெனி பேருக்கு எடம் பத்தாதே."

"பேர சின்னதாக்குங்க."